ஒரே உதையில் கிளம்பிய வண்டி

மாஸ்டர்,

கூடத்து நாற்காலியில் ஒரு மழைக்கோட்டு தொங்குகிறது. என் மகன் கழற்றிப் போட்டது. அவனுக்குச் சின்னசேலத்தில் வேலை, தினமும் வண்டியில்தான் போய் வருகிறான். ஐப்பசி பிறந்ததிலிருந்து அந்தக் கோட்டு ஒரு நாளும் முழுசாகக் காயவில்லை. ரெக்சினும் வியர்வையும் ஈரமும் சேர்ந்து புழுங்கிய நாற்றம் வீடு முழுக்க நிற்கிறது. சற்று முன்னால் உள்ளே வந்தவன், "தெனமும் செத்துப் பொழைக்கிறேம்ப்பா" என்றான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நீ போறது தார் ரோடு. பட்டனத் தொட்டா வண்டி கௌம்புது. தலைக்கு ஹெல்மெட்டு. இதுக்குப் பேரு செத்துப் பொழைக்கறதா?" என்று கத்திவிட்டேன். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனான். என் மனைவி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு மேல இருக்கற கோவத்தப் புள்ள மேல காட்டறீங்க?" என்று கேட்டாள்.

யார் மேல் என்று அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, இனிமேல் நீங்கள் நடுவில் புகுந்து பேச்சை மாற்ற முடியாது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், அங்கிருந்து மலையடிவாரம், அப்புறம் மலைப்பாதை. வெள்ளிமலையைத் தாண்டி நம் பள்ளிக்கூடம். நான் கணக்கு வாத்தியார், நீங்கள் விளையாட்டு வாத்தியார். பேருந்து என்று பேருக்கு ஒன்று இருந்தது. வெயில் காலத்தில் அது மலை ஏறும். மழைக்காலத்தில் அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு, "இதுக்கு மேல போவாது, எறங்கு எறங்கு" என்று கண்டக்டர் கதவைத் தட்டுவார். பேருந்துக்கு மழைக்காலத்தில் மலை கிடையாது, வாத்தியாருக்கு மட்டும் உண்டு. இந்த நியாயத்தை எந்த அதிகாரி எழுதினானோ, அவனை ஒரு கார்த்திகை மாதம் முழுக்க என் வண்டியின் பின்னால் உட்கார வைத்திருக்க வேண்டும்.

அந்த வண்டி! மூன்று கை மாறி என்னிடம் வந்து சேர்ந்த சனியன். வெயிலில் சமர்த்தாக ஓடும். நாலு தூறல் விழுந்தால் போதும், உதைக்க உதைக்க இருமிவிட்டு அடங்கும். பிளக்கைக் கழற்றி, துடைத்து, ஊதி, மறுபடியும் மாட்டி உதைக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பிளக்கை அடுப்பில் காட்டிச் சுட வேண்டும். எத்தனை காலையில் என் மனைவி தோசைக்கல்லை இறக்கிவிட்டு அடுப்பைப் பிளக்குக்கு விட்டிருக்கிறாள். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்கள். இந்தக் குதிரை அதையும் செய்தது. நான் உதைக்கும்போது கிக்கர் எதிர்த்து அடித்து என் முழங்கால் வீங்கிப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்கு நீங்கள்தான் ஓட்டப்பந்தயப் பையன்களுக்கு வைத்திருந்த தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டீர்கள். தேய்த்துக்கொண்டே சிரித்தீர்கள்.

சிரிப்பதற்கு அதில் என்ன இருந்தது? எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. என்னிடம் ஒரு மழைக்கோட்டு, தையல் விட்டது. உட்காருகிற இடத்தில் தண்ணீர் குட்டை கட்டி நிற்கும். உங்களிடம் அதுவும் இல்லை. உரச்சாக்கின் உள்பையைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சி நாலு முனைச் சந்திப்பில் எனக்காக நிற்பீர்கள். சட்டைக்குள் நெஞ்சுக்கு நேராகப் பழைய செய்தித்தாள் நாலைந்து. மலைக்காற்று உள்ளே இறங்காமலிருக்க அது நீங்கள் கண்டுபிடித்த வைத்தியம். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்து அதை உருவினால் அச்சு மை உங்கள் மார்பில் தலைகீழாகப் பதிந்திருக்கும். மலைப் பிள்ளைகள் கூடி நின்று அதைப் படிக்கப் பார்ப்பார்கள்.

கண்ணாடி போட்ட எனக்கு மழையில் ரோடே தெரியாது. பிரேக் நனைந்தால் பிடிக்காது. களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது, இறங்கிக் குச்சியால் நோண்ட வேண்டும். ஏற்றத்தில் இரண்டு பேரை இழுக்க வண்டிக்குத் தெம்பு கிடையாது, ஆகவே நீங்கள் இறங்கி நடப்பீர்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் நீங்கள்தான் இறங்கினீர்கள். வண்டி என்னுடையது என்பதால் அது இயல்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கும்போது நான் வானத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்வேன். "மழையத் திட்டாதீங்க சார், அதுக்கு நம்மள யாருன்னே தெரியாது" என்பீர்கள் பின்னாலிருந்து.

ஈரம் பட்டால் ஹாரனும் ஊமையாகிவிடும். மலையில் கொண்டை ஊசி வளைவுகள், கீழே கரும்புக் காடு மறைக்கிற திருப்பங்கள், எதிரில் கரும்பு லாரி வந்தால் இரண்டு பேரும் காலி. அதனால் கழுத்தில் தொங்கும் விசிலை வளைவுக்கு வளைவு ஊதிக்கொண்டே வருவீர்கள். மைதானத்தில் ஊதுகிற அதே நீள ஊதல். மலை ஊர்களில் அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், வாத்தியார்கள் வந்துவிட்டார்கள் என்று.

மேலே ஹெட்மாஸ்டர். அவருக்குப் பள்ளிக்கூடத்தை ஒட்டியே குவார்ட்டர்ஸ். படுக்கையிலிருந்து எழுந்து இருபது அடி நடந்தால் வருகைப் பதிவேடு. அவருக்கு மழை என்றால் ஜன்னலுக்கு வெளியே பெய்கிற ஒன்று. மணி அடித்த பின் வந்தால் சிவப்பு மையால் ஒரு வட்டம். மூன்று வட்டத்துக்கு அரை நாள் லீவு. இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஒன்றாகத் தாமதமாக வந்தாலும் திட்டு உங்களுக்குத்தான் முதலில் விழும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. உங்களை அவர் ஏன் அப்படி நடத்தினார் என்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். "அவரு சுபாவம் அப்படி" என்று நான் உங்களுக்கே சமாதானம் சொன்னேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் காது கூசுகிறது.

அந்த வருஷங்களில்தான் இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதி ஆட்கள் சாலைக்கு வந்தார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டிலேயே என் தம்பி பட்டம் வாங்கிவிட்டு மூன்று வருஷமாக ஏர் பிடித்துக்கொண்டிருந்தான். நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். கோமுகி அணைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நான் மறியலைத் திட்டிக்கொண்டிருந்தபோது, "கேக்கட்டும் சார். கேக்காம யாருக்குக் கெடச்சிது?" என்றீர்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்த்தார். மறியல் நாட்களில் சாலையோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளுவார்கள். நாம் வயல் வரப்பில் வண்டியை இறக்கி, சேற்றில் தள்ளி, அந்தப் பக்கம் ஏறுவோம். மறியலைக் காரணம் காட்டி யாரும் வராமலிருக்கக் கூடாது என்று ஹெட்மாஸ்டர் சுற்றறிக்கை வைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தார்.

அந்தக் கார்த்திகைத் திங்கட்கிழமை. எனக்கு ஏற்கனவே இரண்டு வட்டம். உங்களுக்கும் இரண்டு. அடைமழை, கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம் கரும்புக் காட்டுத் திருப்பம். எதிரே ஒன்றும் தெரியவில்லை. எப்போதும்போல நீங்கள் விசிலை எடுத்து நீளமாக ஊதினீர்கள்.

திருப்பத்தின் அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு புளிய மரத்தை அப்போதுதான் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். விசில் கேட்டதும் போலீஸ் வந்துவிட்டது என்று கோடாலி, அரிவாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நாலா பக்கமும் ஓடினார்கள். ஒருவன் வாய்க்காலில் தலைகுப்புற விழுந்தான். அவன் எழுந்து நொண்டியபடி கரும்புக்குள் ஓடுவது தெரிய, நாம் திருப்பத்தில் வந்து நின்றோம். மரம் முக்கால்வாசி சாய்ந்து கிடக்கிறது, ஆள் ஒருவரும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தேன். அது கரும்புக்குள் ஒளிந்திருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும்.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பயந்து ஓடியதைப் பார்த்துவிட்டவர்கள் மேல் வருகிற கோபம் சாதாரணக் கோபம் இல்லை.

"யார்றா அது விசிலு ஊதனவன்?"

"வண்டியில ஆரன் இல்லீங்க. வளைவுல எதுத்தாப்புல எதுனா வந்தா தெரியணுமேன்னு..." என்று நீங்கள் ஆரம்பித்தீர்கள்.

"ஆரன் இல்லியா? ஓடிப்போயி கால ஒடச்சிக்கினு வந்து நிக்கறான் பாரு. வெளையாடறியா?"

கூட்டத்தில் மூத்தவராக இருந்தவர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீ எந்த ஊருய்யா?"

ரிஷிவந்தியத்துப் பக்கம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னேன். கேட்காமலே என் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன். கேட்காமலே! அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அவுரு மவனா? எங்க சின்னம்மாவ அந்த ஊர்லதான்யா குடுத்திருக்குது. டேய், நம்மாளுதான்டா." பிறகு முகவாயை நீட்டி, "பின்னால குந்தியிருக்கறவன்?" என்றார்.

"எங்க ஸ்கூல் வாத்தியாருங்க."

"அதக் கேக்கல. எந்தூரு, எந்தத் தெரு?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஒரு பொய் சொல்லலாமா என்று யோசித்தேன், அதற்கும் தைரியம் வரவில்லை. நீங்கள் வண்டியிலிருந்து இறங்கினீர்கள். தலையிலிருந்த கொங்காணியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டீர்கள். "எலவனாசூர்கோட்டப் பக்கங்க. காலனி" என்றீர்கள். பையன்களின் பெயரைக் கூப்பிடுகிற அதே தெளிவான குரலில்.

"அப்ப நீ நில்லு. வாத்தியாரே, நீ போ."

நாலு பேர் வந்து என் வண்டியை, சாமி தூக்குகிற மாதிரி, மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். எனக்குக் கை கொடுத்துத் தாண்ட வைத்தார்கள். சேற்றில் கால் வைக்காமல் நான் ஒரு மரத்தைக் கடந்தது அந்த ஒரு தடவைதான். இந்தப் பக்கம் நீங்கள் நனைந்துகொண்டு நின்றீர்கள். நான் உங்களைப் பார்த்தேன்.

"போங்க சார். நான் வந்துக்கறேன்" என்றீர்கள்.

நான் உதைத்தேன். அந்த வண்டி வாழ்நாளில் மழையில் ஒரே உதையில் கிளம்பியது கிடையாது. அன்றைக்குக் கிளம்பியது. இரண்டு உதை, மூன்று உதை என்று இழுத்திருந்தால் அதற்குள் எனக்குப் புத்தி வந்திருக்குமோ என்று இத்தனை வருஷமாக யோசித்து வண்டியின் மேல் பழி போட்டிருக்கிறேன். வண்டி என்ன செய்யும்? கியரைப் போட்டது என் கால்.

நீங்களே போகச் சொன்னீர்கள் என்று என்னிடம் நானே எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறேன். மூன்றாவது வட்டம் விழுந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். என் வீட்டில் கைக்குழந்தை என்று சொல்லிக்கொண்டேன். உங்கள் வீட்டிலும்தான் கைக்குழந்தை. உண்மை என்னவென்றால், சிவப்பு மைக்கு நான் பயப்படவில்லை. ‘அவன் கூட நீ ஏன் நிக்கற?’ என்று அந்தப் பெரியவர் என்னைக் கேட்டுவிடுவாரோ என்றுதான் பயந்தேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரியாத அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரின் மதிப்பு, தினமும் என் முதுகில் சாய்ந்து வந்த மனிதரைவிடப் பெரிதாக இருந்தது எனக்கு. தங்களுக்கு நியாயம் கேட்டுத் தெருவுக்கு வந்தவர்கள் அவர்கள். அவர்கள் செய்ததற்கு நான் கோபப்பட வேண்டும்தான், படுகிறேன். ஆனால் அவர்களுக்கு உங்களைத் தெரியாது.

மணி அடிக்கும் முன்பே போய்க் கையெழுத்துப் போட்டேன். நல்ல நீல மை.

நீங்கள் வந்தது மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். சாய்ந்த மரத்தின் கிளைகளையெல்லாம் உங்களை இழுத்துப் போடச் சொல்லி, விசிலைப் பிடுங்கிக்கொண்டு, அதற்கப்புறம் விட்டார்களாம். இதுகூட நீங்கள் சொல்லி எனக்குத் தெரியாது, அணைப் பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னது. அடிவாரம்வரை ஒரு மாட்டு வண்டி கிடைத்திருக்கிறது. மலை முழுக்க நடை. உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் வட்டம் போட்டார். "மறியலா? அதே ரோட்டுலதான இவரும் வந்தாரு? இவருக்கு மட்டும் ரோடு எப்படி இருந்துது?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

மாஸ்டர், நான் உங்களை விட்டுவிட்டு வந்ததைக்கூட ஒரு பக்கம் வையுங்கள். உங்களுக்கு எதிரான சாட்சியாக என்னைக் காட்டியபோது நான் சாக்பீஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. நீங்கள் அரை நாள் லீவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கிணற்றடிக்குப் போய்ச் சட்டையைப் பிழிந்து உதறி மாட்டிக்கொண்டு, ஏழாம் வகுப்பை மைதானத்துக்கு அழைத்துப் போனீர்கள். விசில் இல்லாததால் அன்றைக்குக் கை தட்டித்தான் ஓடவிட்டீர்கள், அந்தக் கையால்.

சாயங்காலம் வண்டியருகே வந்து நின்றீர்கள். உங்களைப் பார்க்க முடியாமல் பிளக்கை நோண்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கி ஒரே ஒதையில கௌம்பிடுச்சி போல சார். சத்தம் கேட்டுது."

அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்தீர்கள். மறுநாள் காலையிலும் அதே நாலு முனை, அதே உரச்சாக்கு. நீங்கள் வராமலிருந்திருக்கலாம். என் சட்டையைப் பிடித்திருக்கலாம். ‘சீ, நீயெல்லாம் ஒரு மனுசனா’ என்று அந்த மலைப்பாதையில் யாரும் இல்லாத இடத்தில் கேட்டிருக்கலாம், நான் அழுதிருப்பேன், முடிந்திருக்கும். அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் என் பின்னால் உட்கார்ந்து வந்தீர்கள். ஏற்றம் வந்தால் முன்போலவே இறங்கினீர்கள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம், "பள்ளம் சார், பள்ளத்தப் பாருங்க" என்று பேச்சை அறுத்தீர்கள். உங்கள் மேல்கூட எனக்குக் கோபம்தான். கேட்கவிடாமல் செய்வது என்ன பெருந்தன்மை? அப்புறம் உங்களுக்கு மாற்றல் வந்தது, கல்யாணங்களில் பார்த்தோம், ஓய்வு பெற்றோம், போனில் ரத்தக் கொதிப்பு பற்றிப் பேசினோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். அதற்கு முன் உங்கள் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை என்பது அங்கே செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. எத்தனை ஆயிரம் மைல் ஒன்றாகப் போயிருப்போம்! உங்கள் மகள் தாலுகா ஆபீசில் வேலை பார்ப்பவள், டீயோடு வந்தாள். உங்கள் நெற்றி, உங்கள் சிரிப்பு.

"நீங்கதான் கணக்கு சாரா? அப்பா உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல சார். மறியல் அன்னிக்கி அப்பாவ வண்டியில போவ வுட மாட்டோம்ன்னு சொன்னாங்களாம். நீங்க மட்டும் போங்கன்னு சொன்னதுக்கு, நானும் போவ மாட்டேன்னுட்டு, மல வரைக்கும் வண்டியத் தள்ளிக்கினே அப்பா கூட நடந்து வந்தீங்களாமே. மழ பேஞ்சா போதும், அந்தக் கதைய ஆரம்பிச்சிடுவாரு. எங்க பசங்களுக்குக்கூட மனப்பாடம்."

நான் டீயைக் குடித்தேன். "அதெல்லாம் அந்தக் காலம்மா" என்றேன்.

ஆமாம் மாஸ்டர், அப்படித்தான் சொன்னேன். ஆசிரியர் அறையில் வாயை மூடிக்கொண்டது போதாதென்று, நீங்கள் செத்துப் பதினாறாம் நாள் உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, நான் நடக்காத நடைக்கு உங்கள் மகளிடமிருந்து மரியாதை வாங்கிக்கொண்டு எழுந்து வந்தேன். வாசல்வரை வந்து குடை கொடுத்தாள்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள்? அப்பனை ஒருத்தன் நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனான் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்றா? அல்லது நான் செய்திருக்க வேண்டியதை எனக்குப் பதிலாக நீங்களே மழைக்கு மழை செய்து பார்த்துக்கொண்டிருந்தீர்களா? எதுவாக இருந்தாலும் அந்தக் கதையைச் சுமக்க என் முதுகு பற்றவில்லை. அன்றைக்கு மலையேறியது நீங்கள் ஒருவர். அந்த நடை உங்களுடையது. அதில் பாதியை எனக்கு எழுதி வைக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

உங்களுக்கு எழுதினாலும் இதைப் படிக்கப் போவது உங்கள் மகள்தான். நாளைக்குக் காலையில் தாலுகா ஆபீசுக்குப் போய் அவள் கையில் கொடுக்கப் போகிறேன். அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். நிமிர்ந்து பார்த்து அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். "போங்க சார்" என்று சொன்னால் மட்டும், உடனே கிளம்பிவிட மாட்டேன்.